96 வயதில் முறிந்த இடுப்பெலும்பு... படுக்கையையே யோகசாலை ஆக்கிய குரு!

சென்னையிலிருந்து நெம்மேலி வரை ஈ.சி.ஆர்-ல பைக் ஓட்டிட்டு இறங்கினதும், சட்டுனு நிமிர முடியாம காலை உதறிட்டு நிக்கிறீங்களா? தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் உருண்டை, இடுப்பெலும்பின் குழிக்குள் சுழலும் இடம்தான் இடுப்பு மூட்டு. கால் முன்னே, பின்னே, பக்கவாட்டில் போறது, சம்மணம் போடுறது எல்லாமே அதோட வேலை. மணிக்கணக்கில் மடக்கியே வெச்சிருந்தா, சுற்றியுள்ள தசைகள் இறுகிடும்.

இந்த மூட்டை வளைக்க உலகத்துக்கே கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர், திருமலை கிருஷ்ணமாச்சார்யா. 1888-ல் கர்நாடகாவின் சித்ரதுர்கா பகுதியில் பிறந்தவர். 1930-களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தினார். பட்டாபி ஜோயிஸ், இந்திரா தேவி, இவருடைய மனைவியின் தம்பியான பி.கே.எஸ்.ஐயங்கார் எல்லோரும் இவரிடம் கற்றவர்கள்தான்.

அப்போ அவர் ரொம்பக் கறார். அனுமனாசனம் தெரியுமில்லையா? ஒரு காலை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் நீட்டித் தரையோடு உட்காரணும். ஒரு இடுப்பு மூட்டு முழுசா மடங்கும்போது இன்னொன்று பின்னோக்கி விரியணும். பழக்கமே இல்லாத ஐயங்காரை ஒரு நிகழ்ச்சியில் இதைச் செய்யச் சொல்லிட்டார். தொடையின் பின்தசை கிழிந்து, நெடுநாள் நடக்கவே சிரமப்பட்டதாக ஐயங்கார் பிற்பாடு சொல்லியிருக்கிறார். குருபக்தியோடு பார்த்தாலும் இது தப்புதான்!

1952-ல் பக்கவாதம் பாதித்த ஒரு வழக்கறிஞருக்கு உதவ சென்னை வந்தவர், இங்கேயே தங்கிட்டார். வந்தவர்கள் நோயாளிகள், வயதானவர்கள். உடம்புக்கு ஏத்த மாதிரிதான் ஆசனம் இருக்கணும்கிறது அவருடைய வழியாச்சு.

அந்த வழிக்குப் பரீட்சை 96 வயதில் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. முதுமையில் எலும்பு மெலிவதால் சாதாரணமா விழுந்தாலே இப்படி ஆகும். மூட்டின் உருண்டைக்கு ரத்தம் பெரும்பாலும் அதன் கழுத்து வழியாகத்தான் போகுது. அங்கே முறிந்தால் எலும்பு கூடுவது கஷ்டம். கிருஷ்ணமாச்சார்யாவோ அறுவை சிகிச்சையை மறுத்துட்டு, படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே வகுத்துக்கிட்டார்.

உடனே உங்க தாத்தாவுக்கு இதைச் சொல்லிடாதீங்க. படுத்தே கிடந்தால் படுக்கைப்புண், ரத்தக்கட்டு, நுரையீரல் தொற்றுன்னு வரிசையா வரும். அதனால், சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்து எழுந்து நடக்க வைப்பதுதான் இன்றைய மருத்துவம்.

1989 பிப்ரவரியில், 100 வயதில் சென்னையில் மறைந்தார். மகன் தேசிகாச்சார் 1976-ல் அவர் பெயரில் தொடங்கிய யோக மந்திரம் சென்னையில் இன்னும் நடக்குது.