கணித மேதையும் கணப்பில்லாத அறையும்

இராமேஸ்வரம் தீவிலும் இராமநாதபுரம் கடலோரத்திலும் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ்க் கணக்கெழுதும் குமாஸ்தாக்களை நாம் கண்டிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் மணலும் உப்புக் காற்றும் புகுகின்றன. மூடினால் மூச்சு முட்டுகிறது. காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்று அவர்கள் வாய் திறந்தால், வேலை செய்ய மனமில்லாதவரின் சாக்கு என்று மேலதிகாரிகள் தள்ளிவிடுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதற்கு ஒரு குமாஸ்தாவின் சரித்திரத்தையே சான்றாகக் காட்ட விரும்புகிறோம். அவர்தாம் ஸ்ரீநிவாஸ இராமானுஜன்.

1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தையார் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. வீட்டுத் திண்ணையே பிள்ளையின் முதற் காரியாலயம். அங்கமர்ந்து சிலேட்டில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார். கணிதமொன்றிலேயே மனம் ஊன்றியதால் காலேஜ் பரீக்ஷைகளில் தவறினார். உபகாரச் சம்பளத்தையும் இழந்தார்.

1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். சம்பளம் சொற்பமே. ஆயினும் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், மேலதிகாரி நாராயண ஐயரும் அவரது அருமையை அறிந்து ஆதரித்தனர். உடலுக்குப் பழகிய சீதோஷ்ணமும், மதிக்கத் தெரிந்த மேலோரும் வாய்த்த அந்நிலையிலிருந்துதான், 1913 ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் தம் புகழ்பெற்ற கடிதத்தை எழுதினார்.

1914 பிப்ரவரி 24-ந் தேதி நமது பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு இருபத்தொன்றாம் நாள், மார்ச் 17-ந் தேதி, இராமானுஜன் சென்னையில் சீமைக்குக் கப்பலேறினார். ஹார்டியின் நட்பு கிடைத்தது. 1918-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினர் பதவியும், டிரினிடி காலேஜ் பெலோ பதவியும் கிடைத்தன. ஆனால் அறை? கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்க வேண்டுமென்று அறியாமல், மேலங்கியும் சால்வையும் போர்த்து அவற்றின்மேல் படுத்து நடுங்கினார். பின்னர் மஹலனோபிஸ் கண்டு முறையைக் காட்டிக் கொடுத்தார். அதுவரை கேட்பாரில்லை, அவரும் சொல்லவில்லை.

1917-ல் நோயுற்றார். க்ஷய நோயென்று சந்தேகித்து, திறந்த வெளிக் காற்றே மருந்து என்று அக்கால வைத்தியர் நம்பிய ஆரோக்கிய நிலையங்களில் அவரைச் சேர்த்தனர். ஓரிடத்தில், குளிர் தாங்கவில்லையென்று முறையிட்டும் கணப்பு மூட்டப்படவில்லை. ஹார்டி பரிந்து எழுதிய பின், முக்கியமான கணித வேலை செய்யும் நாட்களில் மட்டும் கணப்பு உண்டென்று வாக்களித்தார்களாம். அந்தோ! விரல் விறைத்தவன் வேலை செய்தால் நெருப்பு. நெருப்பில்லாமல் வேலை செய்வதெப்படி? குளிக்கும் அறை ஒன்றே வெதுவெதுப்பாக இருந்தமையால், பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு தினம் ஒரு மணி நேரம் அங்கே போய் எழுதுவதாக அவர் ஹார்டிக்குத் தெரிவித்தார்.

1919-ல் தாய்நாடு திரும்பினார். கடைசி வருஷத்திலும் நோய்ப் படுக்கையில் புதுக் கணிதம் கண்டார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் காலமானார். குளிரே அவரைக் கொன்றதென்று நாம் கூறவில்லை. யுத்த காலத்து உணவுக் குறையும் இருந்தது. ஈரலைப் பற்றிய அமீபா நோயே காரணமென்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். ஆனால் நோயோடு குளிரையும் எதிர்த்துப் போராட வைத்தது எவ்வகை நியாயம்?

காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், ஈரம், காற்றோட்டம், உடை, உழைப்பு ஆகிய ஆறும் சேர்ந்தே உடலின் சுகத்தை நிர்ணயிக்கின்றன என்று இன்றைய சாஸ்திரம் கூறுகிறது. ஒருவருக்கு இதமான அறை மற்றொருவருக்கு வாதையாகலாம். அதை அறிந்தவர் அங்கே உட்கார்ந்திருப்பவரே. தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை அளிக்க வேண்டுமென்று 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. நின்று வருந்தியவரின் குறை அவ்வாறு காதில் ஏறிற்று. தொழிலாளர் கோரிக்கைகளை வகுக்கும் நண்பர்கள் சம்பளத்தோடு நிழலையும் காற்றையும் வெளிச்சத்தையும் சேர்த்து எழுத வேண்டுகிறோம். வேலையைக் காட்டினால் வசதி தருவோம் என்பவர்களுக்கு இராமானுஜன் எழுதப்போன அந்தக் குளியலறையை நினைவூட்டுங்கள்.