டிராகுலாவும் சுல்தான் ஃபாதிஹும்: திரைப்படம் சொல்லாத வரலாறு

டிராகுலா என்றதும் நம் கண்முன் வருவது கறுப்பு அங்கி, நீண்ட கோரைப்பல், நள்ளிரவில் கழுத்தைக் கடித்து இரத்தம் குடிக்கும் ஓர் உருவம். நம் பக்கத்துப் பெரியவர்கள் இரத்தக்காட்டேரி என்று சொல்லிப் பிள்ளைகளைச் சாப்பிட வைத்தார்களே, அதற்குக் கோட்டும் சூட்டும் போட்டுவிட்டது போல இருக்கும். பேய்க்கதை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இப்போது குறிஞ்சிப்பாடியிலும் நெய்வேலியிலும் செல்போனில் படம் பார்க்கும் பிள்ளைகள் வேறு ஒரு கேள்வியோடு வருகிறார்கள். கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் அல்ஃபாதிஹை டிராகுலாதான் கொன்றானாமே, உண்மையா என்கிறார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2014இல் வெளிவந்த டிராகுலா அன்டோல்ட் என்ற ஹாலிவுட் படத்தில் அப்படித்தான் காட்டினார்கள். தன் மகனைக் கேட்கும் கொடிய சுல்தானிடமிருந்து மக்களைக் காப்பதற்காக ஒரு நல்ல அரசன் இரத்தக்காட்டேரியாக மாறி, கடைசியில் சுல்தானைக் கொல்கிறான். உண்மை என்னவென்றால், டிராகுலா என்று அழைக்கப்பட்ட மூன்றாம் விளாட் இறந்தது 1476 முடியும் தறுவாயில் அல்லது 1477 தொடக்கத்தில். சுல்தான் ஃபாதிஹ் வஃபாத்தானது 1481 மே மாதம். செத்தவர் எப்படி நான்கு வருடம் கழித்து ஒருவரைக் கொல்ல முடியும்? பேய்க்கதையில் முடியும், வரலாற்றில் முடியாது.

ஒரு தேதியைத் திருத்துவதோடு இந்தக் கேள்வி முடியவில்லை. யார் அந்த விளாட்? அவரைப் பற்றி உலகுக்கு முதலில் சொன்னவர்கள் யார்? இதைத் தேடிப் போனால், சிலுவைப்போர் வீரன் என்று இன்று சிலர் கொண்டாடுவதற்கும், இஸ்லாத்தின் எதிரி என்று நம்மில் சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கும் பொருந்தாத ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

இன்றைய ருமேனியாவின் தெற்குப் பகுதிக்கு அன்று வல்லாச்சியா என்று பெயர். வடக்கே ஹங்கேரி என்ற கிறிஸ்தவ வல்லரசு, தெற்கே தன்யூப் ஆற்றுக்கு அப்பால் உஸ்மானியப் பேரரசு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிறிய நாடு. யார் பலசாலியோ அவருக்குக் கப்பம் கட்டி, மற்றவரிடம் ரகசியமாகத் தூது அனுப்பி உயிர் பிழைப்பதே அங்குள்ள அரசர்களின் அரசியல். விளாடின் தந்தை இரண்டாம் விளாட், 1431இல் ஹங்கேரி மன்னர் சிகிஸ்மண்ட் நடத்திய டிராகன் வீரர் சங்கத்தில் சேர்க்கப்பட்டார். டிராகன் என்பது நெருப்புக் கக்கும் கற்பனைப் பாம்பு. அதிலிருந்து அவருக்கு டிராகுல் என்ற பட்டப்பெயர் வந்தது. டிராகுலின் மகன் டிராகுலா. பெயரின் ரகசியம் இவ்வளவுதான். இன்றைய ருமேனிய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சாத்தான் என்ற பொருளும் இருப்பதுதான் பின்னால் வந்த கதைகளுக்கெல்லாம் வசதியாகப் போய்விட்டது.

1442இல் சுல்தான் இரண்டாம் முராத், தந்தை மீது சந்தேகம் கொண்டு அவரை அழைத்துக் காவலில் வைத்தார். விசுவாசமாக இருப்பதாக வாக்குக் கொடுத்து, இரண்டு மகன்களைப் பிணையாக விட்டபிறகே அவரை ஊருக்கு அனுப்பினார். மூத்தவர் விளாடுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். இளையவர் ராது இன்னும் சிறியவர். அனதோலியாவின் உள்ளே எக்ரிகோஸ் என்ற மலைக்கோட்டையில் இருவரும் வைக்கப்பட்டார்கள்.

பிள்ளைகளைப் பிணையாக வைப்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்போது திப்பு சுல்தானின் இரண்டு சிறு பிள்ளைகளைக் காரன்வாலிஸ் பிணையாக எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கொண்டுவந்தது நம் மண்ணில் நடந்ததுதான். அதைப் படிக்கும்போது நம் நெஞ்சு பதறுகிறது. பிணையாக வைத்தவர் முஸ்லிம் சுல்தான் என்பதற்காக அந்த வல்லாச்சியப் பிள்ளைகளின் நிலை நமக்கு வேறாகத் தெரியக்கூடாது. அன்று எல்லா மதத்து அரசர்களும் செய்த வேலை இது.

இனி நடந்ததுதான் படங்களில் வராத பகுதி. 1444இல் கிறிஸ்தவ அரசுகள் சேர்ந்து உஸ்மானியர் மீது வார்னாவில் படையெடுத்தபோது, பிள்ளைகள் சுல்தானின் கையில் இருப்பது தெரிந்தும் தந்தை தன் படையில் ஒரு பகுதியை அனுப்பினார். கிறிஸ்தவ சமாதானத்துக்காகத் தன் பிள்ளைகள் வெட்டுப்படவும் விட்டுவிட்டதாகப் பின்பு ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். அவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்றே நினைத்தார் போலிருக்கிறது. ஆனால் முராத் அந்தப் பிள்ளைகளைத் தொடவில்லை. வாக்கை மீறியவரின் பிள்ளைகளைக் கொல்ல அந்தக் காலத்து வழக்கம் இடம் கொடுத்தது. ஆயினும் இரு பிள்ளைகளும் உயிரோடு வளர்ந்தார்கள்.

தந்தையைக் கொன்றது யார்? சுல்தான் அல்ல. 1447இல் ஹங்கேரியின் ஆளுநர் ஹுன்யாடி, அவரும் கிறிஸ்தவர், வல்லாச்சியா மீது படையெடுத்து வந்தார். தந்தை கொல்லப்பட்டார். அண்ணன் மிர்ச்சாவைச் சொந்த நாட்டுப் பிரபுக்களே தலைநகர் திர்கோவிஷ்டேயில் கொன்றார்கள். உயிரோடு புதைத்தார்கள் என்பது அங்குள்ள செய்தி. அடுத்த ஆண்டே விளாட் முதன்முதலாக அரியணை ஏறினார். யாருடைய படையோடு? உஸ்மானியப் படையோடு. சிலுவைப்போர் வீரன் என்று சொல்லப்படுபவரின் ஆட்சி சுல்தானின் ஆதரவில்தான் தொடங்கியது. அது இரண்டு மாதம்தான் நின்றது. பிறகு எதிர்னே, மொல்டாவியா, ஹங்கேரி என்று அலைந்து, தந்தையை அழித்த அதே ஹுன்யாடியின் தரப்போடு சேர்ந்து 1456இல் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தார். அப்போதும் முதல் சில வருடங்கள் சுல்தானுக்குக் கப்பம் கட்டினார்.

அவருடைய கொடுமை பொய்யல்ல. கழுமரம் நம் தமிழில் பழைய சொல்தான். உச்சி கூரான மரத்தில் ஆளை உயிரோடு ஏற்றிச் சாகவிடும் தண்டனை. விளாட் அதையே தன் ஆட்சியின் அடையாளமாக்கினார். உஸ்மானியர் அவருக்கு வைத்த பெயர் கஸிக்லி வோய்வோதா, அதாவது கழுவேற்றும் தளபதி. ருமேனியர் வைத்த பெயர் செபெஷும் அதே பொருள்தான். முதலில் அதில் ஏறியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அண்ணனைக் கொன்றவர்கள் என்று கருதிய வல்லாச்சியப் பிரபுக்களும், டிரான்சில்வேனியாவின் பிரஷோவ், சிபியு நகரங்களின் ஜெர்மன் வணிகர்களும் ஏறினார்கள். இவர்கள் அனைவரும் கிறிஸ்தவர்கள். வணிக உரிமையில் தகராறு, அரியணைக்குப் போட்டியாளர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது ஆகியவையே அந்த வணிகர்கள் மீதான கோபத்துக்குக் காரணம்.

கழுமரம் விளாட் ஒருவரின் கண்டுபிடிப்பும் அல்ல என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1452இல் பாஸ்பரஸ் ஜலசந்தியில் நிற்காமல் சென்ற வெனிஸ் கப்பலின் தலைவர் அந்தோனியோ ரிஸ்ஸோவை சுல்தான் ஃபாதிஹ் கழுவேற்றியதும் வரலாற்றில் இருக்கிறது. ஃபாதிஹின் வெற்றியைப் பெருமையாகப் பேசும் நம் கட்டுரைகளில் இந்தப் பெயர் வருவதே இல்லை. வர வேண்டும் என்பது நமது கருத்து. பிறருடைய கதையில் உண்மையைக் கேட்கும் நாம் நம் பக்கத்துக் கதையிலும் அதைக் கேட்கத்தானே வேண்டும்.

1459 வாக்கில் கப்பம் நின்றது. விளாடைப் பிடித்துவர நிக்கோபோலிஸ் ஆளுநர் ஹம்ஸா பாஷாவையும், சுல்தானின் செயலாளரான ஒரு கிரேக்கரையும் அனுப்பினார்கள். கண்ணி வைக்க வந்தவர்கள் கண்ணியில் மாட்டினார்கள். இருவரும் கழுவேற்றப்பட்டார்கள். தொடர்ந்து குளிர்காலத்தில் தன்யூப் ஆற்றைத் தாண்டி விளாட் ஊர் ஊராக எரித்தார். 1462 பிப்ரவரியில் ஹங்கேரி மன்னர் மத்தியாஸுக்கு எழுதிய கடிதத்தில், 23,884 துருக்கியரையும் பல்கேரியரையும் கொன்றதாகக் கணக்குக் கொடுத்தார். வீடுகளோடு எரிந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லையாம். பல்கேரியர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். உதவி கேட்டு எழுதிய கடிதம் என்பதால் எண்ணிக்கை ஊதப்பட்டிருக்கலாம். ஆனால் ஊர்கள் எரிந்தது உண்மை.

அந்த ஜூனில் சுல்தானே படையோடு வந்தார். விளாட் பின்வாங்கிக்கொண்டே பயிரை எரித்து, கிணறுகளைக் கெடுத்து, மக்களையும் ஆடுமாடுகளையும் மலைக்கு விரட்டினார். ஜூன் 17 இரவு, சுல்தானைக் கூடாரத்திலேயே கொன்றுவிடத் திடீர்த் தாக்குதல் நடத்தினார். இருட்டில் கூடாரம் மாறி, வஸீர்களின் கூடாரங்களில் போய் விழுந்தது தாக்குதல். சுல்தான் தப்பினார். திர்கோவிஷ்டேயை நெருங்கியபோது உஸ்மானியப் படை கண்டது கழுமரக் காடு. ஆண், பெண், குழந்தைகள் என 20,000 பேர் அதில் இருந்ததாக கிரேக்க வரலாற்றாசிரியர் கல்கோகொண்டிலிஸ் எழுதுகிறார். அவர் அங்கே நேரில் இருந்தவர் அல்லர். இருந்தாலும் அந்தக் காட்சி சுல்தானையே திகைக்க வைத்தது என்று அவர் சொல்வது பலராலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது.

சுல்தான் பெரும்படையோடு திரும்பிவிட்டார். சிலர் இதை விளாடின் வெற்றி என்பார்கள். ஆனால் போகும்போது சுல்தான் ஒருவரை அங்கே விட்டுச் சென்றார்: தம்பி ராது. அவரும் அதே கோட்டையில் பிணையாக வளர்ந்தவர். ஆனால் சுல்தானோடு நட்பாக நிலைத்துவிட்டவர். அழிந்த பயிரையும் கழுமரத்தையும் பார்த்துச் சலித்துப்போன பிரபுக்கள் ஒவ்வொருவராக ராதுவின் பக்கம் வந்தார்கள். சில மாதங்களில் விளாடிடம் நாடு இல்லை. வாளைவிடத் தம்பிதான் அவரைத் தோற்கடித்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

உதவி கேட்டு ஓடிய இடத்தில், ஹங்கேரி மன்னர் மத்தியாஸ் அவரைக் கைது செய்தார். விளாட் சுல்தானுக்கு ரகசியமாக எழுதிய கடிதங்கள் பிடிபட்டதாகக் காரணம் சொல்லப்பட்டது. அவை போலி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. துருக்கியர் மீது சிலுவைப்போர் நடத்தப் போப்பாண்டவரிடம் மத்தியாஸ் பணம் வாங்கியிருந்தார். போர் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று சொல்ல ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். சுமார் 12 ஆண்டுகள் விளாட் ஹங்கேரியில் கிறிஸ்தவ மன்னரின் கைதியாகக் கிடந்தார்.

டிராகுலாவின் கொடூரக் கதைகள் பரவத் தொடங்கியது இந்தச் சிறைவாசக் காலத்தில்தான். 1463லேயே ஜெர்மன் மொழியில் அவரைப் பற்றிய கதைகள் சுற்றிலும் உலவின. அச்சு இயந்திரம் அப்போதுதான் பிறந்திருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் நியூரம்பெர்க் முதலான நகரங்களில் அவை மலிவுப் பிரசுரங்களாக வெளிவந்தன. கழுமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து விளாட் சாப்பிடும் மரச்செதுக்குப் படமும் அவற்றில் வந்தது. பரபரப்புச் செய்தி நன்றாக விற்கும் என்பதை ஐரோப்பா கற்றுக்கொண்ட ஆரம்பப் பாடங்களில் இதுவும் ஒன்று.

அந்தக் கதைகளில் ஒன்றை மட்டும் பாருங்கள். அவைக்கு வந்த தூதர்கள் தலையணியைக் கழற்ற மறுக்கிறார்கள். விளாட் அதைத் தலையோடு சேர்த்து ஆணி அடிக்கிறார். ரஷ்ய வழியில் வந்த கதையில் அந்தத் தூதர்கள் துருக்கியர், தலையில் தலைப்பாகை. ஜெர்மன் கதையில் அவர்கள் இத்தாலியர், தலையில் தொப்பி. கதை அதுதான், ஆள்தான் மாறுகிறார். கேட்பவர் யாரோ அவருக்கு ஏற்ற ஆள். இன்று நமக்கு வரும் பதிவுகளில் துருக்கியத் தூதர் மட்டுமே இருக்கிறார், இத்தாலியரைக் காணோம்.

1475இல் மொல்டாவிய அரசர் ஸ்டீஃபன் கேட்டுக்கொண்டதால் விளாட் விடுதலையானார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஹங்கேரியப் படையோடு பொஸ்னியாவில் போரிட்டார். சிரெப்ரெனிகா சூறையாடப்பட்டது அந்தப் படையெடுப்பில்தான். 1995இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்களே, அதே சிரெப்ரெனிகா. ஊர்களுக்கும் விதி இருக்கிறது போலும். 1476 நவம்பரில் மூன்றாவது முறையாக அரியணை ஏறிய விளாட், சில வாரங்களிலேயே உஸ்மானியர் ஆதரவு பெற்ற பஸராப் என்ற உறவினரோடு நடந்த சண்டையில் இறந்தார். அவர் தலை இஸ்தான்பூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது அக்காலச் செய்தி. புக்கரெஸ்ட் அருகே ஸ்னாகோவ் தீவு மடாலயத்தில் அவரது கல்லறை என்று ஒரு கல்லைக் காட்டுவார்கள். 1933இல் அதைத் தோண்டினார்கள். கிடைத்தது குதிரை எலும்புகள்.

அக்கால எழுத்தாளர்கள் எவரும் அவரை இரத்தம் குடிக்கும் பேய் என்று எழுதவில்லை. அந்தப் பல்லை வைத்தவர் பிராம் ஸ்டோக்கர் என்ற அயர்லாந்துக்காரர். 1897இல் வெளிவந்த அவருடைய நாவலுக்கு முதலில் நினைத்திருந்த வில்லனின் பெயர் வேறு. 1890இல் இங்கிலாந்தின் விட்பி நகர நூலகத்தில், முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் வல்லாச்சியா பற்றி எழுதிய புத்தகத்தில் டிராகுலா என்ற பெயரைப் பார்த்தார். சாத்தான் என்று பொருள்படும் என்ற அடிக்குறிப்பும் அங்கே இருந்தது. பெயரை எடுத்துக்கொண்டார். ருமேனியாவுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

ருமேனியாவில் விளாட் கண்டிப்பான, நாட்டுப்பற்றுள்ள அரசர். புக்கரெஸ்ட் என்ற பெயர் முதன்முதலாக வருவது 1459 செப்டம்பர் 20இல் அவர் வெளியிட்ட ஆவணத்தில்தான். 1976இல் கம்யூனிஸ்ட் ஆட்சியே அவரது 500ஆவது நினைவாண்டைக் கொண்டாடியது. சுற்றுலாப் பயணிகளோ பிரான் கோட்டைக்குச் சீட்டு வாங்கிச் சென்று டிராகுலாவின் மாளிகையைப் பார்த்ததாகத் திரும்புகிறார்கள். அந்தக் கோட்டைக்கும் அவருக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. அவர் உண்மையில் பயன்படுத்திய பொயனாரி கோட்டை ஆர்ஜேஷ் பள்ளத்தாக்கின் மேல் பாதி இடிந்து நிற்கிறது. அதைப் பார்க்க 1,480 படிகள் ஏற வேண்டும்.