பேரெண் ஒன்றை வென்ற பள்ளியாசிரியர்

பிரான்சு நாட்டின் ஆமியேன் நகரில், 1842-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர் எட்வார்ட் லூக்காஸ். கல்வித் திறத்தால் பாரிசு நகரின் புகழ்பெற்ற உயர்தர ஆசிரியக் கல்லூரியில் இடம்பெற்றார். வானாய்வுக் கூடத்தில் சில காலம் பணிபுரிந்தார். 1870-இல் பிரஷ்யாவுடன் மூண்ட போரில் பீரங்கிப் படை அதிகாரியாக நின்றார். பின்னர் மூலேன் நகரிலும் பாரிசிலும் பள்ளிக் கணித ஆசிரியராகவே விளங்கினார். அந்நிலையில் இருந்துகொண்டே அவர் ஆற்றிய செயல் பேராசிரியர் பலர்க்கும் கைகூடாதது.

மெர்சென் என்னும் துறவி, 127 இரண்டுகளைப் பெருக்கி வரும் தொகையில் 1 குறைத்தால் கிடைப்பது பகா எண் என்று 1644-இல் எழுதியிருந்தார். சான்று காட்டினாரில்லை. 170141183460469231731687303715884105727 என்பதே அவ்வெண். 39 இலக்கங்கள் கொண்டது. ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கப் புகுந்தால் 20 இலக்க எண்கள் வரை செல்ல வேண்டும். ஓர் ஆயுளில் நடவாத காரியம் அது.

லூக்காஸ் வகுக்கும் எண்ணைத் தேடவே இல்லை. அவர் கண்ட வழியைச் சிற்றெண்ணில் காண்போம். ஏழு இரண்டுகளைப் பெருக்கி 1 குறைத்தால் 127. இப்போது 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழிக்க 7; மீண்டும் அவ்வாறே செய்ய 47; மீண்டும் 2207. இதனை 127-ஆல் வகுக்க மீதி 48. அதனை வர்க்கப்படுத்தி 2 கழித்து வகுக்க மீதி 16. மறுபடியும் செய்ய 254. அஃது 127-இன் இருமடங்கு, மீதி இல்லை. ஏழுக்கு இரண்டு குறைந்த ஐந்தாம் படியில் மீதி அற்றமையால் 127 பகா எண்ணாகும். (இங்ஙனம் 3-இல் தொடங்குவது, பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கை 4-ஆல் வகுக்க மீதி 3 தரும் பகா எண்ணாயின் பொருந்தும்.) எட்டாம் வகுப்பு மாணவரைக் கொண்டு கரும்பலகையில் இதனைச் செய்வித்திருக்கிறேன், கடைசி வரியில் மீதி மறைவதைக் கண்டு அவர்கள் மகிழ்வர்.

பேரெண்ணுக்கோ இத்தகைய படிகள் 125; ஒவ்வொன்றிலும் 39 இலக்கம் வரை பெருக்கல். கணிப்பொறி இல்லாத அந்நாளில், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டடிமான எண்முறையைப் பயன்படுத்தும் வழியை வகுத்து, 1876-இல் அதனைப் பகா எண் என நிறுவினார். 67 இரண்டுகளுக்குரிய எண்ணை மெர்சென் பகா எண் என்றது பிழை என்பதையும் அவ்வாண்டே காட்டினார். அதன் காரணிகளைக் கோல் என்பவர் 1903-இல்தான் கண்டறிந்தார். காரணி அறியாமலே எண் பகுபடும் என்று சொல்ல இயன்றதே லூக்காஸ் முறையின் வியப்பு.

அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியது என்னும் சிறப்பு 1951 வரை அவர் எண்ணுக்கே இருந்தது. 1930-இல் லெமர் அம்முறையைச் செம்மை செய்தார். 2024-இல் கண்டறியப்பட்ட 4 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களுடைய பகா எண்ணும் அவ்வழியிலேயே உறுதி செய்யப்பட்டது.

சிறுவர் விரும்பும் ஹனாய் கோபுர விளையாட்டும் அவர் படைப்பே. 1883-இல் தம் பெயரையும் ஊரையும் எழுத்து மாற்றிப் புனைபெயரில் வெளியிட்டார். 1891-இல் அறிவியல் கழக விருந்தொன்றில் பரிமாறுவோர் கைதவறி வீழ்ந்த பீங்கான் துண்டொன்று அவர் கன்னத்தைக் கீறியது. புண் நஞ்சேறி, சில நாட்களில், அக்டோபர் 3-ஆம் நாள் தம் 49-ஆம் வயதில் காலமானார்.