நெக்ரி கண்ட உருண்டைகள்

சின்ன வயசில் என்னை நாய் கடிச்சப்போ, அதுக்கு வெறி இருக்கான்னு தெரியாம அம்மா தவிச்ச தவிப்பு இன்னும் மறக்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சீக்கிரமாக விடை காண வழி செய்தவர் இத்தாலியின் அடெல்கி நெக்ரி.

1876-இல் பெருஜியாவில் பிறந்து, பாவியாவில் கோல்ஜியிடம் பயின்றார். அப்போதெல்லாம் சந்தேக நாயின் மூளைச் சாற்றை முயலுக்குச் செலுத்தி, வாரக்கணக்கில் காத்திருக்கணும். 1903-இல் நெக்ரி, வெறிநாயின் மூளைச் செல்களுக்குள் சிறு உருண்டைகளைக் கண்டார். சாயமேற்றிய கண்ணாடித் தகடு, மைக்ராஸ்கோப் போதும். உருண்டை தெரிந்தால் வெறி உறுதி, தெரியாவிட்டால்தான் முயல்.

அவற்றை ஒட்டுண்ணி என்று நம்பினார். அது தப்பு, நோய்க்குக் காரணம் வைரஸ். ஆனாலும் சோதனை பலித்தது, பல்லாண்டு உயிர் காத்தது. 1912-இல், 35 வயதிலேயே மறைந்தார்.

விளக்கம் தப்பினாலும், கண்டதைக் கண்டபடி எழுதினார். லேப் ரெக்கார்டில் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணும் முன், நாமும் அவரை நினைப்போமே!