கும்பினியார் கதவடைத்த விஞ்ஞானி

காட்டை அழித்தால் நீர்நிலை வற்றும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் இன்று அறிவர். இதை நேரில் ஆராய்ந்து காரண காரியத்தோடு உலகுக்கு உரைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியரான அலெக்ஸாண்டர் வான் ஹம்போல்ட்.

1769-ம் ஆண்டு ஸெப்டம்பர் 14-ந் தேதி பெர்லினில் செல்வக் குடியில் பிறந்த அவர், சுரங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1796-ல் தாயார் காலமான பின் உத்தியோகத்தை உதறி, தம் பங்குச் சொத்தைத் தேசாடனத்திலும் ஆராய்ச்சியிலும் கரைத்தார். 1799-ல் ஸ்பெயின் மன்னரின் அனுமதியுடன், தாவர நிபுணர் போன்பிளானோடு தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

மறு ஆண்டு வெனிஸுலாவில் வாலென்ஸியா ஏரியைக் கண்டார். அது சுருங்கிக்கொண்டே வந்தது. பூமிக்கடியில் ஏதோ துவாரத்தின் வழியே நீர் ஓடிவிடுகிறதென்று சிலர் எண்ணினர். ஹம்போல்டோ சுற்றியிருந்த மலைச் சரிவுகளைப் பார்த்தார். அவுரி முதலிய பயிர்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்டிருந்தன; ஏரிக்கு வரும் ஓடைகளும் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தன. (அவுரி என்றதும் நேயர்களுக்கு 1917-ம் ஆண்டுச் சம்பாரண் நினைவு வரக்கூடும்.) மரம் நிழலால் ஈரத்தைக் காக்கிறது, மரம் போனபின் மழைநீர் பெருவெள்ளமாய்ப் பாய்ந்து மண்ணையும் வாரிச் செல்கிறது, பிறகு ஓடை வறண்டு கிடக்கிறது என்று அவர் விளக்கினார். இயற்கை மனிதனுக்குச் செய்யும் ஊழியங்களென இன்றைய ஆராய்ச்சியாளர் கணக்கிடுவனவற்றின் வித்து இதில் உண்டு.

1802-ல் சிம்பொராஸோ மலையேறி, உயரத்திற்கேற்பத் தாவரங்கள் மாறுவதைச் சித்திரமாக வரைந்தார். 2012-ல் அங்கு சென்ற ஆராய்ச்சியாளர், செடிகள் மேல்நோக்கி நகர்ந்திருப்பதைக் கண்டனர். எவ்வளவு தூரம் என்பதில்தான் பின்னர் வாதம் எழுந்தது.

நிலத்தின் சீரழிவைக் கண்ட கண் மனிதரின் துயரையும் கண்டது. குடியேற்ற ஆட்சியையும் அடிமை வியாபாரத்தையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். கியூபாவைப் பற்றிய அவர் நூலை 1856-ல் அமெரிக்காவில் வெளியிட்டவர் அடிமைத்தன அத்தியாயத்தை நீக்கிவிடவே, முதுமையிலும் பத்திரிகைகளில் பகிரங்கமாக எதிர்த்தார். ஆனால் 1829-ல் ருஷ்யா சென்றபோது, அங்குள்ள பண்ணையடிமைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்று இசைந்தே சென்றார். இதைக் குறையென்றே நாம் சொல்லவேண்டும்.

இமயமலையை ஆராய அவருக்குத் தீராத வேட்கை. 1814 முதல் பன்முறை லண்டன் சென்றார். பிரஷ்ய மன்னரும் பொருளுதவிக்கு முன்வந்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் அனுமதி தரவேயில்லை. ஸ்பானியரின் கொடுமைகளை எழுதிய பேனா தம்முடையனவற்றையும் எழுதிவிடுமென அஞ்சினர் என்பதே பலரின் கருத்து. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

இந்திய மண்ணை மிதியாமலே 1859-ம் ஆண்டு மே 6-ந் தேதி பெர்லினில் அவர் காலமானார். அதற்கு முந்திய ஆண்டே இந்தியாவில் கும்பினி ஆட்சி முடிந்துவிட்டது.