பெயர் கேட்ட பெருமகனார்

என் பாட்டியைத் தாத்தா இந்தா என்றுதான் அழைப்பார். ஊராருக்கு அவர் மணியக்காரர் சம்சாரம். வாக்காளர் பட்டியலில்தான் அவருடைய சொந்தப் பெயரை நான் முதன்முதலாக எழுத்தில் கண்டேன். பட்டியலில் பெண்ணின் பெயர் இருக்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்த வரலாற்றைப் பின்னர் படித்தறிந்தேன். அவர்தாம் சுகுமார் சென். இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர்.

வங்காளியரான சென், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் இலண்டனிலும் பயின்று, கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1921-ல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்து, நீதிபதியாக விளங்கி, மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக உயர்ந்தார். 1950 மார்ச்சில் தேர்தல் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

வாக்காளரோ 17 கோடிக்கு மேல், பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. ஆனால் பெட்டிக்கு முன்பே பட்டியலில் இடர் வந்தது. பீகார், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய பகுதிகளில் பெண்கள் அந்நியரிடம் பெயர் சொல்ல மறுத்தனர். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிவாயிற்று. சென் அதை ஏற்கவில்லை. பெயரைக் கேட்டு எழுதப் பணித்தார். முடிவில், ஏறத்தாழ 8 கோடிப் பெண்களுள் 28 இலட்சம் பேர் நீக்கப்பட்டனர்.

உரிமை வழங்க வந்தவரே பறிக்கலாமா என்று முதலில் எனக்குச் சினம் வந்தது. அந்த 28 இலட்சம் பேருக்கு அத்தேர்தலில் நேர்ந்தது இழப்பே. ஆயினும் பெயரற்றவராகவே அவர்களை ஏற்றிருந்தால், அந்த வழக்கத்துக்கு அரசே முத்திரையிட்டதாகியிருக்கும். அடுத்த தேர்தலுக்குள் அவர்கள் சொந்தப் பெயருடன் வருவார்கள் என்று சென் நம்பினார். 1957 தேர்தலையும் அவரே நடத்தினார். இடையில் 1953-ல் சூடான் நாட்டுத் தேர்தலையும் நடத்திக் கொடுத்தார். பின்னர் பர்துவான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

1962-ல் ஆண்களில் நூற்றுக்கு 63 பேர் வாக்களிக்க, பெண்களில் ஏறத்தாழ 47 பேரே வாக்களித்தனர். 2019 மக்களவைத் தேர்தலில்தான் பெண்கள் மயிரிழையில் முந்தினர். ஆனால் இவ்விழுக்காடுகள் பட்டியலில் உள்ளோரை மட்டுமே கணக்கிடுவன. பெயர் இல்லாதவள் வாக்களிக்காதவர் கணக்கில்கூட வரமாட்டாள்!

தோழியரே, திருமணமாகி ஊர் மாறும்போது நம் பெயர் விடுபட்டுப் போகலாம். புகுந்த வீட்டில் குடியேறியதும் வாக்காளர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கட்டும்.