ரபாயல் சான்சியோ: தாய்மையைத் தீட்டிய ஓவியர் (1483 - 1520)

லியனார்டோ டாவின்சி, மைக்கல் ஆஞ்சலோ ஆகியோருடன் சேர்த்துக் கூறப்படும் மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரபாயல். இவரது வாழ்க்கையை வெறும் ஆண்டுகளாக மனனம் செய்யாதீர்கள்.

ரபாயல் 1483இல் இத்தாலியின் ஊர்பினோ நகரில் பிறந்தார். தந்தை ஜியோவானி சாந்தியும் ஓவியரே. 1491இல், எட்டு வயதில், தாயை இழந்தார். 1494இல் தந்தையும் இறந்தார். உங்களிலும் சிறிய வயதில் பெற்றோரை இழந்த இச்சிறுவனே பின்னர் உலகம் போற்றும் தாய்-சேய் ஓவியங்களைத் தீட்டினார்.

பெருஜினோ என்னும் ஓவியரின் பாணியைப் பின்பற்றி வளர்ந்த இவர், 1504இல் புளோரன்ஸ் சென்றார். அங்கு லியனார்டோவின் படைப்புகளை ஆராய்ந்து, உருவங்களைக் கூம்பக வடிவில் தொகுக்கும் முறையைக் கற்றார். இம்முறையில் அமைந்ததே பொற்குருவியுடன் மரியாள் என்னும் ஓவியம். அதை உற்று நோக்குங்கள். பாலன் இயேசு தாயின் முழங்கால்களுக்கிடையே நிற்கிறார். அவரது பாதம் தாயின் பாதத்தின் மேல் உள்ளது. சிறுவன் யோவான் நீட்டும் குருவியை அவர் தடவுகிறார். கிறிஸ்தவ மரபில் இக்குருவி இயேசுவின் பாடுகளைக் குறிக்கும். ஆகவே இத்தாயின் அமைதியான முகத்தில் அன்பும் வரப்போகும் துயரமும் சேர்ந்தே தெரிகின்றன.

1508இல் உரோம் சென்ற ரபாயல், பாப்பரசர் 2ஆம் ஜூலியஸுக்காக வத்திக்கானில் ஏதென்ஸ் கல்விக்கூடம் முதலிய சுவரோவியங்களை வரைந்தார். அங்கும் தாய்-சேய் கருப்பொருளை அவர் கைவிடவில்லை. முற்காலத்தில் பொன்னிறப் பின்னணியில் அரியணையில் அமர்ந்த விண்ணரசியாகவே மரியாள் பெரிதும் வரையப்பட்டார். ரபாயலின் நாற்காலியில் மரியாள் என்னும் வட்ட ஓவியத்திலோ, சால்வை போர்த்திய சாதாரணத் தாயாகக் குழந்தையின் தலையோடு தலை சேர்த்து அணைத்திருக்கிறார். வட்ட வடிவமே ஓர் அரவணைப்பாகிவிடுகிறது.

1520 ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கிழமை, 37 வயதில் ரபாயல் காலமானார். உரோமின் பந்தியோன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கவனிக்க: இவரது ஓவியங்களில் தாய்மை உணர்வு வெளிப்படும் விதம் பற்றி வினா வந்தால், அழகாக உள்ளது என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பார்வை, தொடுகை, தொகுப்பு ஆகிய மூன்றையும் ஓவியத்திலிருந்தே எடுத்துக்காட்டி விளக்குங்கள். கண்ணால் கண்டதை எழுதுபவருக்கே புள்ளிகள் சேரும்.